பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஸ்கேன் பார்த்ததுமே ‘இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போச்சு’ என்றால் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்

சென்னையில் ஐரோப்பிய கார்களை மட்டும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரி பேசுகிற கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன, அதனால் அவர்கள் பேசிய விதத்தைத் தெரிந்துகொண்டாலே போதும்.

வண்டி 2005 ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். மீட்டர் போர்டில் இபிசி லைட் (எஞ்சின் கன்ட்ரோலில் கோளாறு என்று சொல்வது) எரிய ஆரம்பித்தது, சில நாள் கழித்து ஏபிஎஸ் லைட்டும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்க்கிற சிஸ்டத்துக்கானது) சேர்ந்துகொண்டது. காலையில் ஸ்டார்ட்டர் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும், இதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லியே வண்டியைக் கொடுத்தேன். ஸ்கேனரைச் சொருகி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “த்ராட்டில் பாடி போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார் சூப்பர்வைசர். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிற பாகம் அது. பழைய பார்ட் ஒன்றைப் போட்டு 22,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டி வெளியே வரும்போது லைட் இல்லை. எப்படி இருக்கும், எரரை அழித்துவிட்டுத்தானே கொடுத்தார்கள். கிண்டி தாண்டுவதற்குள் இரண்டு லைட்டும் திரும்ப வந்துவிட்டன, போதாக்குறைக்கு ஐடிலிங்கும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகம்) ஏறி இறங்க ஆரம்பித்தது. திரும்பப் போனால், “ரெண்டு லைட்டும் சேர்ந்து எரியுதுன்னா இசியூதான் சார், 85,000 ஆகும், வண்டியை விட்டுட்டுப் போங்க” என்கிறார்கள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏபிஎஸ்ஸுக்குத் தனி கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது, எஞ்சின் இசியூ அல்ல. இரண்டு தனித்தனி யூனிட்கள் ஒரே சமயத்தில் புகார் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை, அதாவது பேட்டரியை, ஆல்டர்னேட்டரை, எர்த்தை (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கிற இணைப்பு). இவர்கள் ஒரு மல்டிமீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைப் பக்கம் இருக்கிற வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனேன். அவரும் ஸ்கேன் பார்த்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. எஞ்சினில் எரர் கோடு 16955, அதாவது பி0571, பிரேக் சுவிட்ச் சர்க்யூட். ஏபிஎஸ்ஸில் 00532, சப்ளை வோல்டேஜ். த்ராட்டில் பாடியைப் பற்றி எந்தக் கோடும் இல்லை! “தம்பி, கோடு சொல்றது எந்த லைன்ல கோளாறுன்னுதான், எந்தப் பொருளை மாத்தணும்னு அது சொல்லாது” என்றவர், மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல எர்த்தாக இருந்தால் அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டும், என் வண்டியில் ஒன்றரைக்கு மேல் காட்டியது. எர்த் பட்டையைக் கழற்றினால் போல்ட் முனை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது, தேய்த்துச் சுத்தம் செய்து புதுப் பட்டை போட்டதும் ஸ்டார்ட்டர் சோம்பலும் ஏபிஎஸ் லைட்டும் போய்விட்டன.

அடுத்து இபிசி. இந்த வண்டிகளில் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்ச்சுக்குள் இரண்டு கான்டாக்ட் இருக்கும். ஒன்று பின்னால் இருக்கிற பிரேக் விளக்கை எரிய வைக்கும், இன்னொன்று எஞ்சின் இசியூவுக்குத் தகவல் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இசியூ இபிசி லைட்டைப் போட்டுவிடும், பிரேக் விளக்கு ஒழுங்காக எரிந்தாலும்கூட. இந்த வண்டிகளுக்கான ஸ்கேனரில் மெஷரிங் பிளாக் 066 (அந்த நேரத்து அளவுகளைக் காட்டும் பக்கம்) திறந்து பெடலை மிதித்துப் பார்த்தார், ஒரு இலக்கம் மாறுகிறது, பக்கத்தில் இருப்பது அசையவே இல்லை. சுவிட்ச் சில நூறு ரூபாய். அதை மாற்றிவிட்டு, பிளாக் 060-இல் த்ராட்டில் அடாப்டேஷனும் (மாட்டிய த்ராட்டிலின் நிலைகளை இசியூவுக்குக் கற்றுக்கொடுப்பது) செய்தார், அந்த ஒர்க்‌ஷாப் அதைக்கூடச் செய்யாமல்தான் பார்ட்டை மாட்டி அனுப்பியிருக்கிறது. ஐடிலிங் சரியாகிவிட்டது.

இந்த வண்டிகளுக்கு வயதாகிவிட்டது, ஒயரும் எர்த்தும் கனெக்டரும் கெட்டுப்போவது சகஜம். அதைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்கு நியாயமான கூலி கேட்டால் கொடுக்கலாம். சோதிக்காமல் பார்ட் மேல் பார்ட்டாக மாட்டிப் பார்ப்பதற்கு ஏன் கொடுக்க வேண்டும்? எரரை அழிப்பதற்கு முன்னால் முழு ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிவிடுங்கள், எல்லா யூனிட்டும் அதில் இருக்க வேண்டும். எந்த அளவை வைத்து இந்தப் பார்ட் கெட்டது என்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பழைய இசியூவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட்டு வராதீர்கள், அதில்தான் உங்கள் வண்டியின் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் பார்க்கிற திருட்டுத் தடுப்பு) பொருத்தம் இருக்கிறது. வேறு வண்டியின் இசியூவைப் பொருத்தம் செய்யாமல் போட்டால் ஸ்டார்ட் ஆகி ஓரிரு வினாடியில் நின்றுவிடும்.

என் பழைய த்ராட்டில் பாடியைக் கேட்டதற்கு “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு” என்றார்கள். நன்றாக இருந்த பார்ட் அது, அடுத்து யார் வண்டியில் ஏறப்போகிறதோ. பில்லில் ‘எலக்ட்ரிக்கல் ஒர்க்’ என்று ஒரே வரி, பார்ட் நம்பர் கிடையாது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஜாப் கார்டு, பில், இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். உங்களிடமும் இப்படி ஒற்றை வரி பில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதோடு சேர்த்து ஜாப் கார்டையும் இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.