மதுரை வெக்கையில் பெரியவர்கள் அறைக்கு ஏர் கூலர்: சில கோடைகள் ஓட்டிய அனுபவம்

சென்னையில் கூலர் வாங்கி நொந்துபோன பிள்ளைகள், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. கடலோர ஊரின் ஈரக் காற்றில் கூலர் தோற்கும். மதுரையின் சித்திரை, வைகாசி வெயில் வறண்டது. வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கும் மதியத்தில், கூலரின் பேட் (தண்ணீரில் நனைந்து, காற்று ஊடே புகுந்து குளிரும் பகுதி) நன்றாக நனைந்திருந்தால் 29 டிகிரி அளவில் காற்று வரும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வரும் ஆனி, ஆடிக் காற்றிலும் இது கைகொடுக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை முடிந்தது. 31 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் குறையாது, புழுக்கம்தான் கூடும். அப்போது பேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டலாம்.

கூலர் சரியில்லை என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலை. ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறார்கள். கூலருக்கு வெளிக்காற்று உள்ளே வரவும் வேண்டும், ஈரம் ஏறிய காற்று வெளியே போகவும் வேண்டும். கூலரின் முதுகை ஒரு ஜன்னலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். அடைத்த அறையில் அரை மணி நேரத்தில் பாய் தலையணை எல்லாம் பிசுபிசுக்கும், பெரியவர்களுக்கு மூச்சு முட்டுவது போல இருக்கும்.

அளவு பார்ப்பது எளிது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1200 கன அடி. அந்தக் காற்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 1000 கன மீட்டர் தேவை. பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்தில் வரும் அளவு. பெரியவர்கள் இருக்கும் அறையில் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. சத்தமும் அதிகம், 'சில்லுன்னு அடிக்குது, நிறுத்துப்பா' என்றும் குரல் வரும். அதனால் 1500க்குக் குறையாமல் வாங்கி நடு வேகத்தில் வையுங்கள்.

ரிமோட்டும் தொடுதிரையும் உள்ள மாடலை விட, திருகும் குமிழ் உள்ள மாடலையே பெரியவர்களுக்குச் சொல்வேன். ராத்திரி கரண்ட் போய் வந்தால் குமிழ் மாடல் தானாக ஓட ஆரம்பிக்கும். ரிமோட் மாடல்களில் பல அப்படியே நின்றுவிடும், வேர்த்து எழுந்த பிறகுதான் தெரியும். எழுத்து தெரியாத கண்ணுக்காக, வழக்கமாக வைக்கும் வேகத்துக்கு நேரே ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் போதும்.

கட்டிலில் இருந்து ஆறு, ஏழு அடி தள்ளி, காற்று கால் பக்கமிருந்து உடம்பின் மேல் போகும்படி வையுங்கள். முகத்துக்கு நேராக அடித்தால் காலையில் கழுத்துப் பிடிப்பும் மூக்கடைப்பும் வரும். மாடி வீடாக இருந்தால் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். காங்கிரீட்டில் தேங்கிய வெக்கையை அது கீழே இறக்கிவிடும்.

இனி தண்ணீர். ஒரு டிகிரி குறைவதற்கும் விலை தண்ணீர்தான். கடும் வெயிலில் மணிக்கு நாலைந்து லிட்டர் ஆவியாகும், 50 லிட்டர் டேங்க் பத்து மணி நேரம் தாங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் நாலு டேங்க் ஊற்றி முடிக்கும்போது முதலில் இருந்ததைப் போல நாலு மடங்கு உப்பு சேர்ந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பேட்டின் மேல் வெள்ளையாகப் படிந்து கல்லாகிப் போவது இதனால்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை அடி மூடியைத் திறந்து முழுவதும் வடித்துவிட வேண்டும். கார்ப்பரேஷன் தண்ணீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

காற்று பழைய மாதிரி குளிரவில்லை என்றால் பேட்டை உற்றுப் பாருங்கள். நனைந்த இடம் கறுப்பாகத் தெரியும், நடுவே மேலிருந்து கீழ் வரை வெளிறிய கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே தண்ணீர் விழும் ஓட்டை அடைத்திருக்கிறது. ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் சரியாகிவிடும். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால், அதன் அடிமூடியைக் கழற்றி விசிறியில் சுற்றிய முடியையும் உப்பையும் எடுங்கள். டேங்க் வற்றிய பிறகும் ஓடவிட்டால் பம்ப் கருகிவிடும். தேன்கூடு போல இருக்கும் ஹனிகோம்ப் பேட்டுக்கு 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊறவைத்து அலசுங்கள், கம்பி பிரஷ் கூடாது. மரச்சீவல் பேட்டை ஒவ்வொரு கோடைக்கும் மாற்றுவதே நல்லது. நிறுத்துவதற்கு இருபது நிமிடம் முன்பே பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டினால் பேட் காய்ந்துவிடும், மறுநாள் வாடை வராது.

ஐஸ் போடுவது வீண் வேலை. அஞ்சு கிலோ ஐஸ் உருகித் தரும் குளிர்ச்சி, முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குக்கூட ஈடாகாது.

குடத்தைத் தூக்கித் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விடாதீர்கள். குழாயிலிருந்து டியூப் போட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகே நிரப்ப வேண்டும். மொசைக் தரையில் சொட்டும் தண்ணீரில் ராத்திரி பாத்ரூம் போகிறவர் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், எந்தக் குளிர்ச்சியும் அதற்கு ஈடில்லை. வயரைச் சுவரோரமாக விடுங்கள். எர்த் உள்ள பாயின்டும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

வீசிங், நாள்பட்ட சளி உள்ளவர்களுக்குக் கூலர் வேண்டாம். பூசணம் பிடித்த பேட் அவர்களை இன்னும் படுத்தும். ஏசியை 26, 27ல் வைப்பது அவர்களுக்கு நல்லது. கூலர் காற்றில் வேர்வை தெரியாது, வயதானவர்களுக்குத் தாகமும் குறைவாகத் தெரியும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த அளவைச் செம்பில் பிடித்துக் கண்ணெதிரே வையுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் கூலரைக் கூட்டி வைத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே 108.

சீசன் முடிந்து மூடி வைக்கும்போது டேங்கின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த கோடையில் தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரை வடித்தால் மட்டும் போகாது, நாரால் தேய்க்க வேண்டும். ஓட்டுகிற காலத்திலும் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.