பழைய இன்டெல் டிரைவரா, மோட்செட்டிங்கா? லினக்ஸ் திரை மந்தமானால்

ஜன்னலை இழுத்தால் பின்னாலேயே வால் போல் தடம் விழுகிறது. முனையத்தில் எழுத்துகள் திக்கித் திக்கி நகர்கின்றன. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள கணினி என்றால், திரையில் வரையும் நிரலான எக்ஸ் சர்வரில் இரண்டு டிரைவர்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: தனிப் பொதியாக வரும் 'இன்டெல்', அல்லது 2015-இல் வெளியான 1.17 பதிப்பு முதல் சர்வருக்குள்ளேயே இருக்கும் 'மோட்செட்டிங்'. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட் அமர்வுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது.

முதலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, ரெண்டரர் வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் (மென்பொருள் வழி வரைதல்) என்றிருந்தால் வரைகிற வேலை முழுவதும் சிபியு தலையில் விழுகிறது. நிறுவும்போது கிரப்பில் (கணினியைத் தொடக்கும் நிரல்) சேர்த்த நோமோட்செட், அதாவது கிராஃபிக்ஸ் டிரைவரை முடக்கும் விருப்பம், அப்படியே தங்கிவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள்.

இன்டெல் டிரைவரின் பலம் எஸ்என்ஏ, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரைதலை முடுக்கும் அதன் முறை. ஒவ்வொரு சிப் தலைமுறைக்கும் ஏற்ற கட்டளைகளை நேரடியாக எழுதுவதால் இருபரிமாண வரைதலில் கெட்டிக்காரன். அமைப்புக் கோப்பில் டியர்ஃப்ரீ என்ற ஒரே வரியில் திரை கிழிவதும் நிற்கும். ஆனால் கடைசியாக எண்ணிட்டு வந்த வெளியீடு 2.99.917, அதுவும் 2014-இல். புதிய சிப்களில் எழுத்து சிதைவதும் பழைய படத்துண்டு திரையிலேயே ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: 2022-இல் மேசா 22.0 (லினக்ஸின் ஓப்பன்ஜிஎல் நூலகம்) பழைய ஐ965 என்ற ஓப்பன்ஜிஎல் டிரைவரை நீக்கிவிட்டது. இன்டெல் டிரைவர் இன்னமும் அந்தப் பெயரையே கேட்டால், ஓப்பன்ஜிஎல் சத்தமில்லாமல் சிபியுவுக்குப் போய்விடும். இன்டெல் டிரைவரின் அமைப்பில் டிஆர்ஐ விருப்பத்தில், மேசாவின் புதிய டிரைவர்களான குரோகஸ் அல்லது ஐரிஸ் என்று சிப்புக்கு ஏற்பக் குறிப்பிட்டால் சரியாகும்.

மோட்செட்டிங், எக்ஸ் சர்வரில் உள்ள கிளாமர் என்ற பகுதி வழியாக எல்லாவற்றையும் ஓப்பன்ஜிஎல்லாக மாற்றி வரைகிறது. அதனால் மேசாவில் நடக்கும் திருத்தமெல்லாம் இதற்கும் வந்து சேரும். கிளாமரால் கையாள முடியாத வரைதல் வந்தால் மட்டும் படத்தை நினைவகத்துக்கு எடுத்து, சிபியுவில் வரைந்து, திருப்பி வைக்கும், அங்கேதான் இழுக்கும். எக்ஸ்ஆர்க் பதிவுக் கோப்பில் கிளாமர் இயங்குவதாக வரி இல்லையென்றால் முடுக்கமே இல்லை என்று பொருள். கிழிசலைத் தடுக்க கேவின், பிகாம் போன்ற கம்பாசிட்டர் (ஜன்னல்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் நிரல்) வேண்டும்.

கிராஃபிக்ஸ் சிப் நான்காம் தலைமுறையோ (965 காலத்தது; கோர் செயலியின் தலைமுறை எண் அல்ல) அதற்குப் பிந்தையதோ என்றால் தயங்காமல் மோட்செட்டிங். 945 காலத்துச் சிப்களுக்கு இன்டெல்லே மேல். சந்தேகமிருந்தால் எக்ஸ்11பெர்ஃப் கொண்டு எழுத்து வரைதலையும் உருட்டலையும் இரண்டிலும் அளந்து பாருங்கள்.

மோட்செட்டிங்குக்கு மாற இன்டெல் பொதியை நீக்கும்போது எக்ஸ்ஆர்க் கோப்புறையில் இன்டெல் பெயர் சொல்லும் அமைப்புக் கோப்பையும் நீக்குங்கள். அது மட்டும் மிஞ்சினால் திரையே கிடைக்கவில்லை என்று எக்ஸ் நின்றுவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உரைத்திரைக்குப் போய்த்தான் அதை அழிக்க வேண்டியிருக்கும்.