குழந்தைக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் கூட நிக்கிறாங்க

பெத்தவங்க கூட இருக்க முடியாத குழந்தைய கொஞ்ச காலம் நம்ம வீட்ல வச்சு பாத்துக்கிற ஃபாஸ்டர் பேரண்ட்டா இந்த ஏஜென்சில பதிஞ்சு ட்ரெய்னிங் எல்லாம் முடிச்சோம், அப்புறம் தான் இவங்க வேலையோட அருமை புரிஞ்சுது. எங்க வீட்டுக்கு வந்த பையனுக்கு, முதல்ல அவனோட சொந்தக்காரங்க யாராவது பாத்துப்பாங்களான்னு தேடிட்டு தான் எங்ககிட்டயே வந்தாங்க, அது தான் சரியான முறை. கடைசி வரைக்கும் அவன் கூட ஒரே சோசியல் வொர்க்கர் தான், ஆள் மாறவே இல்ல. வர்றதுக்கு முன்னாடியே எங்க போட்டோ, அவன் படுக்கப்போற கட்டில் போட்டோ எல்லாம் காட்டிருக்காங்க. துணிமணிய குப்பைக் கவர்ல திணிக்காம அவனுக்குன்னே ஒரு பையில மடிச்சு, மேல அவனோட பழைய போர்வைய துவைக்காம வச்சிருந்தாங்க, அந்த வாசனை இருந்தா தான் தூங்குவானாம்.

குறைன்னா, ராத்திரி அவசரத்துக்கு கூப்பிட்டா போன் எடுக்க ஆளில்ல. அண்ணன வேற வீட்ல விட்டுட்டாங்க, வாரத்துக்கு ஒரு தடவ தான் பாக்க முடியுது. இவன் தினமும் வாசல்ல நின்னு அண்ணன் இன்னிக்கு வருவானான்னு கேக்குறான்.