சின்ன மாமியா, சுராங்கனியா?

கலியாணப் பந்தி முடிந்து வாழையிலை எடுத்தாயிற்று. கடற்காற்றில் பந்தல் துணி படபடக்கிறது. பாட்டுப் போடுகிற தம்பி வந்து, “அண்ணை, கடைசியா எதைப் போட?” என்றான். போட்டியில் இரண்டே இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டு: நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’.

ஆட்டத்துக்குச் சுராங்கனிதான், பேச்சே இல்லை. ஆறுக்கு எட்டுத் தாளத்தில் பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டு, போர்த்துக்கேயர் காலத்து எச்சம். காலை எடுத்து வைத்தால் இடுப்புத் தானாக வரும். பாட்டில் வரும் ‘மாலு’ என்றால் மீன் என்று எங்கள் திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, சந்தையில் தினமும் காதில் விழுகிற சிங்களச் சொல். 1977இல் இளையராஜா அந்தப் பாட்டைப் படத்துக்கு எடுத்தபிறகு தமிழ்நாடும் ஆடியது. ஆனால் பாட்டில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

சின்ன மாமியே அப்படியல்ல. அது மூன்று நிமிட நாடகம். மகள் எங்கே என்று மருமகன் கேட்கிறான். பள்ளிக்குப் போனாள் என்று மாமி சொல்ல, அவன் வேறு கதை எடுத்துவிடுகிறான். பள்ளிக்குப் பதில் ‘டியூசன்’ என்று போட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அப்படியே பொருந்தும். எழுபது தாண்டிய எங்கள் மாமி அந்த இடம் வந்தாலே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓரக்கண்ணால் தன் மகளைப் பார்ப்பா. மகளுக்கே இப்போது ஐம்பது!

“சின்ன மாமியைப் போடு” என்றேன். பாதியிலேயே பெடியள் கத்த, தம்பி சுராங்கனிக்கு மாற்றிவிட்டான். மாமியும் எழும்பி ஆடினா.