புளிக்கு அஞ்சும் கல், எண்ணெய்க்கு அஞ்சும் கல்: கிச்சன் மேடைக்கு எது?

கிச்சன் மேடைக்குக் கல் எடுக்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து சதுர அடி விலையைக் கேட்கிறார்கள். அந்தக் கல்மேல் தினமும் என்ன சிந்தப் போகிறது என்பது பேச்சிலேயே வருவதில்லை. நம் வீட்டு மேடையில் சிந்துவதை இரண்டாகப் பிரிக்கலாம். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி, ராத்திரி பொங்கி வழிந்த இட்லி மாவு என்று புளிப்பு ஒரு பக்கம். எண்ணெயும் மஞ்சளும் இன்னொரு பக்கம். எந்தக் கல் எதைத் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரிதான்.

மார்பிளும் கடப்பாவும் பார்வைக்கு வெள்ளையும் கருப்புமாக எதிரெதிராக இருந்தாலும் ஒரே வம்சம். கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் மண்ணுக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினால் மார்பிள். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் அது கரையும். மாவுப் பாத்திரம் வழிந்து விடிய விடிய அப்படியே இருந்தால், காலையில் எடுக்கும்போது பாத்திரத்தின் அடி அளவுக்கு ஒரு வட்டம் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும். துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் போகாது. ஏனென்றால் அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட இடம். வெள்ளை மார்பிளில் சாய்வாகப் பார்த்தால்தான் தெரியும், கருப்புக் கடப்பாவில் சாம்பல் திட்டாக நேராகவே தெரியும்.

சீலர் என்ற பூச்சைப் போட்டுவிட்டால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று அதை விற்பவர்கள் சொன்னால், இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். சீலர் கல்லின் நுண்துளைகளை அடைக்கிறது. அதனால் எண்ணெயும் டீயும் உள்ளே இறங்குவது குறையும். ஆனால் மேல்பரப்பு வெளியில்தான் இருக்கிறது. புளிப்பு அதை அரிப்பதை சீலரால் தடுக்க முடியாது. அரித்த இடத்தைச் சரிசெய்ய மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி. தினமும் ரசம் கொதிக்கிற வீட்டுக்கு மார்பிள் மேடை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மார்பிள் வெறும் 3. கத்தி பட்டாலே கீறும். பூஜை அறையில் போடுங்கள், சப்பாத்திப் பலகையாக வாங்குங்கள், அங்கே மார்பிளுக்கு இணையில்லை.

கடப்பாவை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. விலை குறைவு. பழைய வீடுகளில் அதுதான் மேடை, அதுதான் அலமாரித் தட்டு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வெளுத்த இடம் கொஞ்ச நாளைக்குக் கருக்கும். அதிகமாகத் தடவினால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். ஓரங்கள் அடுக்கடுக்காகப் பெயர்வது இதன் இன்னொரு குறை. ஸ்டோர் ரூமுக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் இன்றும் நல்ல கல்.

கிரானைட் கதை வேறு. அதே மோஸ் அளவில் 6 முதல் 7 வரை. புளியோ எலுமிச்சையோ அதை ஒன்றும் செய்வதில்லை. இதன் எதிரி எண்ணெய். அதுவும் எல்லா கிரானைட்டுக்கும் இல்லை. காஷ்மீர் ஒயிட் போன்ற வெளிர் ரகங்கள் உறிஞ்சும். அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் வைக்கும் இடம் நாளடைவில் கருத்துப்போவது இதனால்தான். கருப்பு ரகங்கள் பெரும்பாலும் நெருக்கமான கற்கள், பலவற்றுக்கு சீலரே தேவைப்படாது. ஆந்திராவில் ஓங்கோல் பக்கத்துச் சீமகுர்த்தியில் எடுக்கிற பிளாக் கேலக்ஸி அப்படிப்பட்டது. வேண்டுமா வேண்டாமா என்று கல்லையே கேட்கலாம்: நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் சீலர் வேண்டும்.

எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டால், காயக் காய எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மஞ்சள் கறை மேல் சோப்பு பட்டதும் சிவந்தால் பதற வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் அது தானாகவே வெளிறிவிடும்.

போர் தண்ணீர் வீடுகளில் குழாயடியில் உப்புப் படியும். கிரானைட் என்றால் பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டலாம். மார்பிள், கடப்பா மேல் இதற்காக வினிகர் ஊற்றினால் உப்போடு கல்லும் போகும். டாய்லெட் கிளீனர் எந்தக் கல்லுக்கும் வேண்டாம். தினசரிக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, இது போதும்.

குவார்ட்ஸ் என்று கடையில் விற்பது, கல்தூளை ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையோடு சேர்த்துச் செய்யும் செயற்கைக் கல். சீலர் வேண்டாம், புளிப்புக்கும் அசையாது. ஆனால் கொதிக்கும் குக்கரை நேராக இறக்கி வைத்தால் ரெசின் நிறம் மாறலாம்.

எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் கடையில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி, ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறும் இன்னொரு மூலையில் நல்லெண்ணெயும் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். எலுமிச்சை பட்ட இடம் மங்கினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது கிரானைட் இல்லை. எண்ணெய் இறங்கியிருந்தால் சீலர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கருப்புக் கல் என்றால் அசிட்டோன் (நெயில் பாலிஷ் அகற்றப் பயன்படும் திரவம்) தொட்ட வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். துணியில் கருப்பு இறங்கினால் சாயம் ஏற்றிய கல், அந்த லாட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.