ஸ்டே கம்பியில் கரண்ட் அடித்தால், ஆஸ்பத்திரியில் வந்து நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

மண்டபத்தில் இருந்து கீழக்கரை வரைக்கும் தென்கடல் ஓரமாகக் குடியிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் ஏமாந்தது ஒரே ஒரு கையெழுத்தில்.

போன ஆடி மாதம். என் மச்சானுக்கு நாட்டுப்படகுத் தொழில். விடிகாலை கரைக்கு வந்து, நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர், தெருமுனைக் கரண்ட் கம்பத்தின் ஸ்டே கம்பியை (கம்பம் சாயாமல் இருக்கத் தரையோடு சாய்வாக இழுத்துக் கட்டியிருக்கிற கம்பி) ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டியிருக்கிறார். லேசான தூறல். நம் ஊரில் யார்தான் அதைப் பிடிக்கவில்லை? அதில் ஆடு கட்டுவோம், ஈர லுங்கியைக் காயப்போடுவோம், பிள்ளைகள் பிடித்துச் சுற்றி விளையாடும். பிடித்த கை விடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் காய்ந்த பனைமட்டையால் ஓங்கி அடித்துக் கையைப் பிரித்துவிட்டார், அதனால்தான் மச்சான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்.

உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு காயம், குதிகாலில் சின்னதாக இன்னொன்று. இவ்வளவுதானா என்றுதான் நினைத்தோம். கரண்ட் காயம் அப்படித்தான், தோலில் கொஞ்சமாகக் காட்டும், உள்ளே சதையையும் நரம்பையும் வேகவைத்திருக்கும். ராமநாதபுரத்தில் இருந்து மதுரைக்கு அனுப்பினார்கள், ஒன்பதாம் நாள் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வலை பின்னுகிற கை.

இனி ஏமாந்த கதை. மதுரைக்குக் கிளம்பும் முன், அன்று சாயங்காலம், மின்சார ஆபீஸில் இருந்து இரண்டு பேர் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார்கள். "அழாதீங்கம்மா, கருணைத் தொகைக்கு நானே எழுதி அனுப்புறேன், இதுல மட்டும் ஒரு கையெழுத்து, சும்மா ஆபீஸ் வழக்கத்துக்கு" என்று ஒருத்தர் அக்காவிடம் அவ்வளவு பரிவாகப் பேசினாராம். நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கையெழுத்து ஆகிவிட்டிருந்தது. மறுநாள் ஊரில் இருந்து போன்: பொழுது விடிவதற்குள் ஜீப்பில் ஆள் வந்து ஸ்டே கம்பியை மாற்றிவிட்டார்கள், பழைய கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். புதுக் கம்பியின் நடுவில் முட்டை மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் இருந்தது. பழையதில் அது இல்லவே இல்லை.

அந்தப் பீங்கான்தான் விஷயமே. கம்பத்தின் உச்சியில் லைனைத் தாங்குகிற பீங்கானில் விரிசல் விட்டால் கரண்ட் கிளாம்ப், அதாவது கம்பத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டை, வழியாக ஸ்டே கம்பிக்கு இறங்கும், நடுவில் இருக்கிற முட்டைப் பீங்கான் அதைக் கைக்கு எட்டாத உயரத்திலேயே நிறுத்த வேண்டும். கச்சான் காற்று மாதக்கணக்கில் உப்பை வாரி அடிக்கிற நம் கரையில் எல்லாப் பீங்கானிலும் உப்புப் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பெருமழை கழுவிவிடும். தூறலும் பனியும்தான் ஆபத்து, உப்பு ஈரமாகிக் கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். சரி, அப்போது ஃபியூஸ் போகாதா என்று நானும் கேட்டேன். போகாது. துருப்பிடித்த கம்பி காய்ந்த மணலில் நின்றால் தரைக்கு இறங்குகிற கரண்ட் ரொம்பக் குறைவு, அது டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸுக்கு எறும்பு கடித்த மாதிரி. மனிதன் சாக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் இதே மாதிரி ஒரு தூறல் நாளில் அதே கம்பியில் கட்டியிருந்த வெள்ளாடு செத்தது. போனில் சொன்னோம், "ஆட்டை ஏன் அதுல கட்டுறீங்க" என்று திட்டு விழுந்தது, வாயை மூடிக்கொண்டோம். புகார் எண் கேட்டு வாங்கவில்லை, எழுத்தில் கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் மனிதன் மட்டுமில்லை, கால்நடை செத்தாலும் மின் ஆய்வாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும், அதுவும், அதற்கான விதிப்படி, தெரியவந்த 24 மணி நேரத்துக்குள். அந்த ஆட்டுக்கு ஒரு அறிவிப்புப் போயிருந்தால் மச்சானுக்கு விரல் இருந்திருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டோம். மச்சானின் விபத்துக்கே 11 நாள் கழித்துத்தான் அறிவிப்புப் போயிருக்கிறது. கூடவே அக்கா கையெழுத்துப் போட்ட தாளின் நகலும் வந்தது. 'என் கணவர் அனுமதியில்லாமல் தானே ஒயர் இழுத்தபோது, தன் கவனக்குறைவால்' என்று இருந்தது. படித்துக் காட்டினேன், அக்கா ஒன்றும் பேசவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மதுரையில் வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கரண்ட் மாதிரி ஆபத்தான சரக்கை வைத்துத் தொழில் நடத்துகிறவர், தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ராத்திரி மழையில் சைக்கிளில் வந்தவர் ரோட்டில் கிடந்த கம்பியில் பட்டு இறந்துபோனார், வேறு யாரோ கரண்ட் திருடக் கொக்கி போட்டதால் வந்த வினை என்று வாரியம் சொன்னதைக் கோர்ட் ஏற்கவில்லை. பானிபட்டில் 2011இல் மொட்டைமாடியில் உயர் அழுத்த லைன் தாக்கி இரண்டு கையும் ஒரு காலும் போன நாலு வயதுப் பையனுக்கு 60 லட்சம் கொடுக்கச் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான், 2014இல். ஆக, ஆபீஸ்காரர் சொல்கிற கருணைத் தொகை வேறு, நமக்குச் சேர வேண்டிய இழப்பீடு வேறு. அவர் மனமிரங்கித் தருகிற காசு இல்லை.

அப்புறம் எங்களுக்கு என்ன சிக்கல்? எப்படி நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் ஐகோர்ட்டில் நேராகப் போடுகிற ரிட் மனுவில் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போ என்று 1999இல் ஒரு ஒடிசா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அக்காவின் கையெழுத்து அந்தத் தகராறை அவர்கள் கையில் கொடுத்துவிட்டது. பழைய கம்பியின் போட்டோ ஒன்று இருந்திருந்தால் போதும். தெருவில் நாற்பது பேர் கையில் போன் இருந்தது, எல்லோரும் மச்சானைத்தான் வீடியோ எடுத்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடக் கம்பத்தை எடுக்கவில்லை.

அதனால், உங்கள் தெருவில் இப்படி நடந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு ஒருத்தர் கம்பத்தடியில் நில்லுங்கள். கம்பம், அதில் எழுதிய எண், உச்சிப் பீங்கான், ஸ்டே கம்பி அடியில் இருந்து மேல் வரை, எல்லாவற்றையும் எடுங்கள், தொடாமல். போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மின் ஆய்வாளர் அரசாங்க ஆள், மின்சார ஆபீஸுக்குக் கீழே வருகிறவர் இல்லை, அவருக்கு நீங்களே நேராக மனு அனுப்புங்கள், அவர் வந்து பார்க்கிற வரை எதையும் மாற்றக் கூடாது என்று அதில் கேளுங்கள். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் 'வீட்டில் ஷாக்' என்று எழுதப் போவார்கள், 'தெருக் கம்பத்தின் ஸ்டே கம்பி' என்று எழுதவையுங்கள். ஆப்பிளை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்கிறது. மச்சான் படகுக்குப் போகிறார், வலை பின்ன ஆள் வைத்திருக்கிறோம். தெற்குத் தெருவில் மூன்று கம்பத்துக்கு ஸ்டே கம்பியில் இன்னும் பீங்கான் இல்லை, போட்டோவோடு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அதில் ஒன்றில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். செருப்புப் போட்ட காலோடு, கம்பியில் கை படாமல் கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன். ஆட்டுக்காரம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.