ஆயித்தியமலைக்கு நடப்பதா, பங்கிலேயே தொண்டா?

செப்டம்பர் திருவிழா நெருங்கினால் மட்டக்களப்பில் பலருக்கும் இந்தக் கேள்விதான். மனந்திரும்புதலுக்கென்று ஆயித்தியமலைத் திருத்தலத்துச் சதாசகாய மாதாவிடம் கால்நடையாகப் போவதா, நம் பங்கில், அதாவது ஊர்க் கோவில் வட்டாரத்தில், ஒரு நோயாளியைக் கவனிப்பதா?

செலவு: நடைக்குத் தண்ணீர்ப் போத்தலும் திரும்பிவர பஸ் காசும். தொண்டுக்குக் காசு குறைவு, நேரம் கூட.

உடம்பு: வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போகப் போக வெயில் ஏறும், செருப்பு வார் உரசிக் குதிக்கால் கொப்பளிக்கும். சர்க்கரை வியாதிக்காரர் காலைப் பணயம் வைக்க வேண்டாம், மாதா கோபிக்கமாட்டா.

தாழ்மை: விஷயமே இங்கேதான். நடையை எல்லாரும் பார்ப்பார்கள், போனில் படமும் வரும். படுக்கையில் கிடக்கும் கிழவியின் மூத்திரத் துணியை அலசுவதை யாரும் படம் எடுப்பதில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற மத்தேயு 6:3-க்கு இதுவே கிட்ட. ஆனால் தொண்டிலும் பெருமை நுழையும்: "நானில்லாட்டி ஆரு பாக்குற?"

மனமாற்றம்: நடை மனதை இளக்கும், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் துணிவு வரும். ஆனால் வரி வசூலித்த சக்கேயு, மனம் மாறியபோது, ஏய்த்து வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). அந்தக் கணக்கு நடையில் தீராது.

நிலைப்பு: நடை ஒரு நாள். தொண்டு மார்கழி வெள்ளத்திலும் உண்டு.

குடியை விட, பழைய பகையை முடிக்க ஓர் உந்துதல் வேண்டுமா? நடந்து போங்கள். வருடாவருடம் நடந்தும் மாறாதவர்கள், இம்முறை பங்குத்தந்தையிடம் ஒரு நோயாளி வீட்டு விலாசம் கேளுங்கள். திருவிழாப் பூசைக்கு பஸ்ஸில் போகலாம்.